களப்பில் தண்ணீர் எவ்வளவு? குளிர்காலப் பறவைகள்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வலசைப் பறவைகளைப் பற்றியவை. அதில் ஒன்று சைப்பிரஸ் வரை போகிறது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

என் தம்பி சைப்பிரஸ் தீவில் லார்னாகா நகரில் ஹோட்டல் வேலைக்குப் போயிருக்கிறார். இங்கே களப்போரம் பறவை பார்த்துத் திரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. மத்தியதரைக் கடல் பக்கம் மாரியில் என்ன பார்க்கலாம், எங்கே போகலாம்?
– எம்.ஆர்., கிண்ணியா

தம்பி நல்ல இடத்தில்தான் போய் இறங்கியிருக்கிறார். லார்னாகா விமான நிலையத்தை ஒட்டியே பெரிய உப்பேரி இருக்கிறது. கோடையில் அது வெறும் வெள்ளை உப்புப் பாளம். நவம்பர், டிசம்பர் மழைக்குத்தான் தண்ணீர் நிற்கும். நன்றாகப் பெய்த வருடத்திலும் ஆழம் ஏறக்குறைய ஒரு மீற்றர்தான். தண்ணீர் நின்றதும், காய்ந்த சேற்றில் முட்டையாகக் கிடந்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்க் கூனி பொரித்துப் பெருகும். நம் கூனியின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவது அதைத் தின்னத்தான். மழை பிந்தினால் பூநாரையும் பிந்தும். அதனால் தம்பி முதலில் விசாரிக்க வேண்டியது மழையை. டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை போனால் பெரும்பாலும் ஏமாற மாட்டார்.

ஏரியோரமாக நடைபாதை இருக்கிறது. காலையில் நகரப் பக்கமாக, அதாவது கிழக்குக் கரையில் நின்று பார்த்தால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் சரியாகத் தெரியும். மேற்குக் கரையில் பேரீச்ச மரங்களுக்கு நடுவே இருப்பது ஹாலா சுல்தான் தெக்கே பள்ளிவாசல். உம்மு ஹராம் (ரலி) அடங்கியிருக்கும் இடமாக முஸ்லிம்கள் மதிக்கும் தலம் என்பதால் கிண்ணியாக்காரருக்கு அங்கே போக இரண்டு காரணம் உண்டு. பின்னேர வெளிச்சத்துக்கு அந்தக் கரை நல்லது.

பூநாரையைப் பார்த்ததும் திரும்பிவிட வேண்டாம். ஆழமான நடுப்பகுதியில் தட்டைவாயன், கிளுவை, வெள்ளை உடலில் செம்பழுப்புப் பட்டி கட்டியதுபோன்ற ஷெல் வாத்து, சிவப்புக் கண்ணுள்ள சிறிய முக்குளிப்பான் எல்லாம் இருக்கும். விமான நிலையத்துக்குத் தெற்கே ஸ்பிரோஸ் கடற்கரையில் பெரிய மணல் உப்புக்கொத்தி குளிர்காலம் கழிக்கும். ஊருக்குள் வெறும் வளவுகளிலேயே வெள்ளை வாலாட்டி, மார்பு செம்மஞ்சளான ராபின், வாலை நடுக்கிக்கொண்டே இருக்கும் கருஞ் செவ்வால் குருவி கிடைக்கும். மூன்றும் குளிருக்கு வடக்கேயிருந்து இறங்கி வந்தவை. அந்தத் தீவில் மட்டும் குஞ்சு பொரிக்கும் சைப்பிரஸ் வீட்இயர் என்ற கறுப்பு வெள்ளைக் குருவியை இப்போது தேடுவது வீண். அது கிழக்கு ஆபிரிக்காப் பக்கம் போய்விடும், மார்ச்சில்தான் திரும்பும். துரூடோஸ் மலை (உச்சி 1,952 மீற்றர்) பனி மூடிக் கிடக்கும் காலம் இது. ஒரு நாள் லீவில் அங்கே போய் மாள்வதைவிட ஏரியே மேல்.

ஞாயிறு லீவு என்பதில்தான் ஒரு சிக்கல். சைப்பிரசில் நவம்பர், டிசம்பர் வேட்டைப் பருவத்தில் புதனும் ஞாயிறும் வேட்டை நாட்கள். முயல், கவுதாரி, காட்டுப்பறவை சுடுவதற்குத் தோட்டம், பற்றை, மலையடிவாரம் எங்கும் துவக்கோடு ஆட்கள் திரிவார்கள். அந்த நாட்களில் பற்றைக்குள் நுழைந்து குருவி தேடக் கூடாது. மண்நிற உடுப்பும் போடக் கூடாது. உப்பேரி வேட்டை தடுக்கப்பட்ட இடம், அங்கே நிற்பதில் பயமில்லை. ஒலிவ மரத்திலோ மாதுளையிலோ பசை தடவிய குச்சி, மரத்துக்கு மரம் கட்டிய மெல்லிய வலை கண்ணில் பட்டால் அது குருவி பிடிக்கும் கண்ணி. 1974 முதல் அங்கே சட்டவிரோதம், ஆனாலும் இரகசியமாக நடக்கிறது. தம்பி அதைக் கழற்றவோ ஆட்களோடு வாய்க்கொடுக்கவோ போகாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு விலகி வந்து அறிவித்தால் போதும்.

லிமாசோல் பக்கம் அக்ரோத்திரி உப்பேரியும் பெயர்பெற்றது. ஆனால் அதை ஒட்டி பிரித்தானியப் படைத்தளம் இருக்கிறது. சீனக்குடாவில் விமானப்படை முகாமை நோக்கிப் பைனாகுலர் பிடித்தால் என்ன நடக்குமோ, அங்கேயும் அதேதான்.

உடுப்பு விஷயத்தில் திருகோணமலைக்காரர் தவறு விடுவது வழமை. ஜனவரியில் பகலில் 17 பாகை அளவு என்று கேட்கச் சுகமாக இருக்கும். விடியற்காலையில் ஏழு, எட்டுப் பாகைதான், அதோடு ஏரி வெளியில் மறைப்பில்லாத காற்று. காற்றுப் புகாத மேற்சட்டை, காது மூடும் தொப்பி, விரல் அசைக்கக்கூடிய மெல்லிய கையுறை வேண்டும். கிட்டப் பார்க்க ஆசைப்பட்டு உப்புப் பாளத்தின் மேல் இறங்கக் கூடாது. மேலே கல் மாதிரி இருக்கும், கீழே கறுப்புச் சேறு. ஒரு கால் முழங்கால் வரை போகும், பூநாரைக் கூட்டம் முழுக்கக் கிளம்பிவிடும்.

மார்கழி விடுமுறையில் பிள்ளைகளை இறக்கக்கண்டிக் களப்புக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கொக்கும் நீர்க்காகமும் தவிர ஒன்றுமில்லை. வலசைப் பறவை வந்துவிட்டது என்கிறார்களே, எங்கே வந்தது?
– ஓர் ஆசிரியை, உப்புவெளி

வந்துவிட்டதுதான். நீங்கள் போன இடத்தில் அவற்றுக்கு நிற்கத் தரையில்லை.

சைப்பிரசில் மழை வந்தால் பறவை வரும். நம் கரையில் வாடை மழை கொட்டித் தீர்க்கும் கார்த்திகை, மார்கழியில் களப்பு விளிம்பு தளும்ப நிற்கும். உள்ளான், உப்புக்கொத்தி வகைகளெல்லாம் நீந்தித் தின்பவை அல்ல, காலூன்றி நின்று சேற்றைக் குத்துபவை. கொசு உள்ளானுக்கு ஒரு விரற்கடைக்கு மேல் தண்ணீர் ஆகாது. பவளக்காலிக்கு நாலு விரற்கடை. நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் வரை சமாளிக்கும். தலையை முக்கித் தின்னும் ஊசிவால் வாத்துக்கும் நீலச்சிறகிக்கும் முழங்காலளவு தண்ணீர் சரி. அதற்கு மேல் போனால் நீர்க்காகத்தின் ஆட்சிதான், நீங்கள் கண்டதும் அதுதான்.

நம் கடலில் வற்றுப்பெருக்கும் மிகக் குறைவு, அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட அரை மீற்றரளவுதான். வேறு நாடுகளுக்கு எழுதிய கையேட்டைப் பார்த்து வற்று நேரத்தைக் கணக்குப் பண்ணிப் போவோர் இங்கே ஏமாறுவது அதனால்தான். களப்பின் நீர்மட்டத்தை முடிவு செய்வது மழையும், முகத்துவாரம் வெட்டுப்பட்டதா மூடியதா என்பதும், காற்று எந்தப் பக்கம் தண்ணீரைத் தள்ளுகிறது என்பதும்தான். முகத்துவாரம் உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாய்ந்த செய்தி கேட்டால் அடுத்த நாலைந்து நாளுக்குள் போங்கள். புதிதாக வெளிவந்த சேற்றில் புழு மேலேயே இருக்கும், பறவை நெருக்கியடித்து நிற்கும்.

எங்கள் யோசனை இது. ஐப்பசியில் வயலுக்குப் போங்கள். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் பெரும்போகத்துக்கு உழும்போது டிரக்டருக்குப் பின்னால் மீசை ஆலா வட்டமிடும், பொறி உள்ளான் சேற்று வரம்பில் நடக்கும். நெல் முழங்கால் உயரம் வந்தபின் அதே வயலில் உள்ளானைக் காண முடியாது, மிதித்தால்தான் எழும்பும். மார்கழியில் குளக்கட்டுகளில் வாத்தைப் பாருங்கள். தை நடுவிலிருந்து பங்குனி வரை இறக்கக்கண்டி, நிலாவெளி, குச்சவெளிக் களப்போரங்கள். வெயில் ஏறித் தண்ணீர் பின்வாங்க வாங்க நாளுக்கு நாள் கூடும். பங்குனி கடைசியில் சில பறவைகளின் நெஞ்சு சிவந்தும் கறுத்தும் வரும். அது இனப்பெருக்கக் கால உடுப்பு, வடக்கே கிளம்பப் போகிறது என்று அர்த்தம்.

இறக்கக்கண்டியில் காலை ஆறரைக்கு வீதிப் பக்கமாக நின்று மேற்கே களப்பைப் பாருங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு சேற்றின் மேல் கானல் ஆடத் தொடங்கும். எவ்வளவு விலை கொடுத்த கண்ணாடியாலும் அதை வெல்ல முடியாது. பிள்ளைகளை நேரே பறவையை நோக்கி நடக்க விடாதீர்கள். கரைக்குச் சமாந்தரமாக, பார்க்காதவர்கள் போல நடக்கட்டும். பவளக்காலி தலையை மேலும் கீழுமாக ஆட்டி 'தியூ' என்று கத்தினால் அங்கேயே நில்லுங்கள். களப்புக்குக் காவற்காரன் அதுதான், அது பறந்தால் எல்லாம் பறக்கும்.

நிலாவெளிக் கடற்கரையில் மண் நிறத்தில் உருண்டையாக ஒரு குருவி ஓடி ஓடி நிற்கிறது. சிறிய மணல் உப்புக்கொத்தி என்று ஒருவரும் பெரியது என்று மற்றவரும் சொல்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?
– எஸ்., நிலாவெளி

அனுபவசாலிகளும் அடித்துக்கொள்ளும் இடம் இது. பெயரில் உள்ள அளவை நம்ப வேண்டாம். தனியே நிற்கும் பறவையில் சிறியது பெரியது தெரியாது.

அலகைப் பாருங்கள். அலகின் நீளத்தை மனத்தால் எடுத்து, அலகின் அடியிலிருந்து கண்ணை நோக்கி மடித்து வையுங்கள். கண்ணின் பின் விளிம்பைத் தாண்டினால் பெரியது. கண்ணோடோ அதற்கு முன்னோ முடிந்தால் சிறியது. பெரியதன் அலகு நுனி நோக்கி நீண்டு கூர்ந்திருக்கும், சிறியது கட்டையாக, நுனி மழுங்கினாற்போல. அடுத்தது கால். பெரியதன் கால் வெளிறிய பச்சை மஞ்சள் சாயலில் நீளமாக இருக்கும். சிறியதற்குக் கடும் சாம்பல், ஏறக்குறைய கறுப்பு. ஈரச் சேறு பட்ட கால் எல்லாமே கறுப்பாகத் தெரியும் என்பதால் கால் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. காற்றுக்கு இறகைச் சிலிர்த்துக் குந்தியிருக்கும்போது எதுவும் சிறியதாகத்தான் தெரியும். எழும்பி நடக்கும் வரை பொறுங்கள்.

இரண்டும் கலந்து நிற்கும் கூட்டம் கிடைத்தால் அதுதான் பாடசாலை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்குப் பிறகு தனிப்பறவையிலும் சந்தேகம் குறையும். கிண்ணியா வாசகரின் தம்பிக்கும் இது உதவும். அங்கே குளிர்காலத்தில் நிற்பது பெரியது, சிறியது அபூர்வம்.

பாவித்த பைனாகுலர் ஒன்று மலிவாக வருகிறது. 10×50 என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா? என்ன பார்த்து வாங்க வேண்டும்?
– ரி.கே., திருகோணமலை

முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்கு. 50 மில்லிமீற்றர்க் கண்ணாடி கழுத்தில் கல்லுக் கட்டினாற்போல் இருக்கும். களப்போரம் நடப்பவருக்கு 8×42 போதும், அதுவே எங்கள் தெரிவு. ஆனால் நல்ல நிலையில் மலிவாக வந்தால் 10×50ஐயும் தள்ள வேண்டாம். வீட்டு மாடியிலிருந்தோ குளக்கட்டில் குந்தியிருந்தோ பார்க்க உதவும்.

கடையில் நான்கு சோதனை போதும். தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தாலோ சில விநாடியில் கண் வலித்தாலோ உள்ளே பட்டகம் விலகியிருக்கிறது, திருத்தச் செலவு விலையைத் தாண்டும், வைத்துவிட்டு வாருங்கள். முன்கண்ணாடியால் டோர்ச் அடித்துப் பின்னால் பாருங்கள், சிலந்தி நூல் போல வெள்ளை இழை ஓடினால் பூஞ்சணம். நடுச் சக்கரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருட்டுங்கள், இடையில் இறுகினால் உப்பு ஏறியிருக்கிறது. மூக்குக்கண்ணாடி போடுபவரானால் கண்குவளையை முழுதாகக் கீழிறக்கிப் பாருங்கள், வட்டம் முழுதாகத் தெரியாவிட்டால் அது உங்களுக்கானதல்ல.

வாங்கிய பின் உங்கள் கண்ணுக்குச் சரிசெய்ய வேண்டும். பலர் இதைச் செய்யாமலே 'கண்ணாடி மங்கல்' என்று முறையிடுகிறார்கள். வலக்கண்ணை மூடி, பெயர்ப்பலகை எழுத்தொன்றை இடக்கண்ணால் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல் வலப்பக்கக் கண்குவளைக்குக் கீழுள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற இடத்தில் ஒரு பேனாக் கோடு. இனி எல்லாவற்றுக்கும் நடுச் சக்கரம் மட்டும்.

கடற்கரையால் வந்ததும் சேட்டு நுனியால் துடைக்கும் பழக்கம் கண்ணாடியைக் கொல்லும். உப்புத்தூளும் மணலும் அரம் போல் கீறும். முதலில் ஊதுங்கள், அல்லது மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுங்கள். வாடைக்காலத்தில் தோல் உறைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டினால் பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுத்ததுபோல. காற்றுப்புகாத சாப்பாட்டுப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

தம்பலகாமம் வயலில் சாம்பல் கலந்த வெள்ளை உடலும் கறுப்புச் சிறகுமாகப் பெரிய பறவை. அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிகிறது. எந்த நாட்டிலிருந்து வந்தது?
– வி., தம்பலகாமம்

எந்த நாட்டிலிருந்தும் இல்லை, நம்முடையதுதான். நத்தைகுத்தி நாரை. அந்த இடைவெளி வழுக்கும் நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை உருவ வசதி. வயலில் நத்தை உள்ளவரை நிற்கும்.

பூநாரை பார்க்க சைப்பிரசுக்குத்தான் போக வேண்டுமா?
– என்.எப்., மூதூர்

மன்னார் போதும். வங்காலைப் பகுதியிலும் யாழ்ப்பாணக் களப்புகளிலும் தை, மாசியில் பாருங்கள். இலங்கை, சைப்பிரஸ் இரண்டு தீவிலும் தெரிவது ஒரே இனம்தான். புறாத்தீவுக்குப் படகு ஓடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிப்பு, அதைச் சித்திரைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தை மாத நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர விருப்பம். ஆயிரம் பறவை ஆடிக்கொண்டு நின்றால் எப்படி எண்ணுவது?
– பல்கலைக்கழக மாணவர், சாம்பல்தீவு

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. சைப்பிரசிலும் அதே மாதத்தில் எண்ணுகிறார்கள், காரணம் அப்போதுதான் பறவைகள் அதிகம் இடம் மாறாமல் நிற்கும்.

கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்தை ஒன்றொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவுத் துண்டால் கூட்டத்தை அளந்துகொண்டே போங்கள். பெரிய கூட்டமானால் ஐம்பதை, நூறைத் துண்டாக்குங்கள். நடுவில் நெருக்கம், ஓரத்தில் கலைவு என்பதால் நடுவில் ஒருமுறை புதிதாகத் துண்டை எடுக்க வேண்டும். ஓரத்துத் துண்டையே நடுவுக்கும் போட்டால் தொகை குறைந்துவிடும், புதியவர்கள் எல்லோரும் குறைத்தே எண்ணுவது இதனால்தான். இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை. இரண்டும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது முறை. இனம் தெரியாததை 'தெரியாத சிறு உள்ளான் 140' என்றே எழுதுங்கள். ஊகித்துப் பெயர் போட்ட எண்ணைவிட அது பயன்படும். ஈபேர்ட் செயலியில் பதிவதானால் தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் நின்றீர்கள், நடந்த தூரம் மூன்றையும் விடாமல் போடுங்கள். பறவை குறைந்ததா, நீங்கள் நின்ற நேரம் குறைந்ததா என்று பிறகு பார்ப்பவருக்கு அதை வைத்துத்தான் தெரியும்.

ஐப்பசியில் விடிய எழும்பிப் பார்த்தால் விறாந்தையில் பச்சை முதுகும் நீலத் தோளும் அடிவயிறு சிவப்புமாக ஒரு குருவி பறக்க முடியாமல் கிடந்தது. தண்ணீர் பருக்கினோம், சோறு வைத்தோம், செத்துப்போய்விட்டது. என்ன பிழை செய்தோம்?
– ஒரு வாசகி, ஓர்ஸ் ஹில்

தோட்டக்கள்ளன் என்றும், விடியலிலும் பொழுதுபடவும் கத்துவதால் ஆறுமணிக்குருவி என்றும் சொல்வார்கள். இந்தியாவிலிருந்து இரவோடு இரவாகப் பறந்து வரும். வந்து சேரும் வாரங்களில் களைத்து, வீட்டு வெளிச்சத்துக்கு மயங்கி, யன்னல் கண்ணாடியில் மோதி விழுவது நிறைய. மோதி உள்ளே காயப்பட்டிருந்தால் நீங்கள் என்ன செய்திருந்தாலும் பிழைத்திருக்காது.

அடுத்த முறைக்கு: வாய்க்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சோறும் வேண்டாம், அது புழு பூச்சி தின்பது. சப்பாத்துப் பெட்டியில் ஏழெட்டுத் துளையிட்டு, அடியில் பழைய துணி விரித்து, குருவியை உள்ளே வைத்து மூடி, பூனைக்கு எட்டாத அமைதியான இருட்டு மூலையில் வையுங்கள். ஒவ்வொரு பத்து நிமிடமும் திறந்து பார்க்கத் தோன்றும். திறக்காதீர்கள், அந்தப் பயமே பாதிக் குருவிகளைக் கொன்றுவிடும். ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் உள்ளே தத்தும் சத்தம் கேட்டால், பெட்டியை வளவின் பற்றை நிழலுக்குக் கொண்டுபோய் நிலத்தில் சரித்து வைத்து மூடியைத் திறந்துவிட்டு விலகுங்கள். கையில் எடுத்து மேலே எறியக் கூடாது, அது நிலத்தில் நடந்து சருகு கிளறும் குருவி. சிறகு ஒரு பக்கம் தொங்கினால் திறக்காமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.